இரும்பு வளையமும் ஏழரை அடியும்

ஏழரை என்றதும் சனியை நினைத்து நடுங்குகிறவர்கள் நம் நாட்டிலே நிறைய உண்டு. நாம் இங்கே சொல்ல வந்த ஏழரை வேறு. ஏழரை அடி உயரம்!

விராலிமலையிலே பழைய ஓட்டு வீடு ஒன்றின் வாசலிலே நின்று அண்ணாந்து பாருங்கள். நிலைக்கதவின் மேற்கட்டை ஆறடி இருக்கும், மிஞ்சினால் ஆறரை. அதற்கும் மேலே ஓர் அடி உயர்த்தி ஒரு கோலை வையுங்கள். கையிலே கழி கிடையாது. கீழே எம்பிவிடப் பலகை கிடையாது. ஓடி வந்து, ஒற்றைக் காலால் தரையை உதைத்து எழுந்து, கோல் விழாமல் அந்தப் பக்கம் போய் விழ வேண்டும். நடக்கிற காரியமா?

நடந்தது. 1963 ஜூலை 21ஆம் நாள், மாஸ்கோ நகரத்து லெனின் விளையாட்டரங்கிலே நடந்தது. தாண்டிய உயரம் 2.28 மீட்டர், அதாவது 7 அடி 5¾ அங்குலம். ஏழரை அடிக்குக் கால் அங்குலம் குறைவு, அவ்வளவுதான். தாண்டியவனுக்கு வயது 21. ஆள் அப்படியொன்றும் பனைமரமல்ல, 1.85 மீட்டர், ஆறடிக்குச் சற்றே மேல். தன் உச்சந்தலைக்கு மேல் இன்னும் 43 சென்டிமீட்டர் உயரத்திலே தன் உடலைத் தானே தூக்கிச் சென்ற அந்த இளைஞன்தான் வலேரி புருமெல்.

நம் கணக்கிலே வைத்துப் பார்த்தால் இன்னும் விளங்கும். யாழ்ப்பாணத்துத் தமிழர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டிலே தங்கம் வென்றார். ஆசிய விளையாட்டிலே இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. அவர் அன்று தாண்டியது 2.03 மீட்டர். ஆசியக் கண்டத்தையே வென்ற உயரம் அது! அதற்கும் மேலே ஒரு முழ நீளத்தில் பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள். புருமெல் அங்கே நிற்கிறார்.

புருமெல் பிறந்தது 1942 ஏப்ரல் 14. உலகப் போர் உச்சத்திலே இருந்த ஆண்டு. இடம், சைபீரியாவின் கிழக்குக் கோடியிலே ஒரு சிற்றூர். பெற்றோர், மண்ணையும் பாறையையும் ஆராய்ந்து கனிவளம் தேடும் தொழிலைச் சேர்ந்தவர்கள். அந்தத் தொழில் செய்கிறவர்களுக்கு ஏது நிலையான ஊர்? பின்னர் குடும்பம் உக்ரைனிலே உள்ள லுகான்ஸ்க் நகருக்கு வந்து சேர்ந்தது. நிலக்கரிச் சுரங்கம், ரயில் எஞ்சின் தொழிற்சாலை, புகை, சங்கொலி என்று வாழ்ந்த தொழிலாளர் நகரம் அது. அங்கேதான் ஷ்டெய்ன் என்ற பயிற்சியாளர் கண்ணிலே பையன் பட்டான். உயரம் தாண்டப் பழகினான். 16 வயதிலே 2 மீட்டரைத் தாண்டினான்.

பிறகு வந்தவர் தியாச்கோவ் என்ற பயிற்சியாளர். இவர் ஒரு புது வழி பிடித்தார். அதுவரை உயரம் தாண்டுகிறவர்கள் உடம்பை இலேசாக வைத்துக்கொண்டால் போதும் என்று நினைத்த காலம். தியாச்கோவ் பையன் தோளிலே பளுவை ஏற்றினார். பாரத்தைச் சுமந்து உட்கார்ந்து எழு என்றார். நூறு கெஜ ஓட்டக்காரனைப்போல வேகமாக ஓடிவரப் பழக்கினார். கூடைப்பந்து வளையம் பத்தடி உயரத்திலே இருக்கிறதல்லவா? புருமெல் ஓடிவந்து எம்பி அதைக் காலால் தொட்டுக் காட்டுவார்! கையால் தொடுவதற்கே நம்மில் பலருக்கு ஏணி வேண்டும்.

அந்தக் காலத்திலே தாண்டும் முறையும் வேறு. வயிறு கோலை நோக்கியிருக்க, ஒரு காலை வீசி எறிந்து, உடம்பை அதன்மேல் உருட்டிக் கடக்க வேண்டும். விழுகிற இடத்திலே இன்றுபோல் மெத்தை கிடையாது. மணலோ மரத்தூளோ குவித்த குழிதான்.

1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக். அப்போது உலகமே ஒரு பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. ஜான் தாமஸ். அமெரிக்கக் கறுப்பின இளைஞர், வயது 19. உலக சாதனை 2.22 மீட்டர் அவருடையது. இந்தத் தாமஸைப் பற்றி இங்கேயே ஒன்று சொல்லிவிட வேண்டும், பின்னால் தேவைப்படும். முந்திய ஆண்டு, 1959இல், அவருடைய இடது பாதம் ஒரு லிப்டிலே சிக்கி நசுங்கியது. அவர் தரையை உதைத்து எழும்புவது அந்தக் காலால்தான். அந்தப் பருவமே வீணாயிற்று. ஆனாலும் எழுந்து வந்து உலக சாதனை செய்தார்.

ரோமிலே போட்டி தொடங்கும் முன்பே தங்கத்தைத் தாமஸ் கழுத்திலே மாட்டிவிட்டன அமெரிக்க ஏடுகள். நடந்ததோ வேறு. ஜார்ஜியாவைச் சேர்ந்த ஷவ்லகாட்ஸே 2.16 மீட்டர் தாண்டித் தங்கம் கொண்டார். அதே 2.16 தாண்டிய 18 வயதுப் புருமெல்லுக்கு வெள்ளி. தவறிய தாண்டல்களின் கணக்கிலே இரண்டாமிடம். தாமஸுக்கு 2.14, வெண்கலம். ஒலிம்பிக்கிலே மூன்றாமிடம் பெற்ற 19 வயது இளைஞனை, ஏதோ குற்றம் செய்தவனைப்போல அவருடைய நாட்டு ஏடுகளே ஏசின. வெற்றி பெறுகிற வரை தோளிலே தூக்குவது, சறுக்கினால் தரையிலே போடுவது! ஆலை முதலாளி மட்டும்தான் இப்படிச் செய்வான் என்று நினைக்க வேண்டாம், தோழர்களே. கைதட்டுகிற கூட்டமும் செய்யும்.

அடுத்த மூன்றாண்டுகள் புருமெல்லின் ஆண்டுகள். 1961 தொடக்கத்திலே அமெரிக்காவுக்கே சென்று நியூயார்க் உள்ளரங்கிலே தாமஸை வென்றார். அந்த ஜூன் 18ஆம் நாள் மாஸ்கோவிலே 2.23, உலக சாதனை. ஜூலையிலே 2.24. ஆகஸ்டு 31இல் பல்கேரியாவின் சோபியா நகரத்து மாணவர் விளையாட்டிலே 2.25. 1962 ஜூலையிலே 2.26. செப்டம்பரிலே 2.27. பிறகு நாம் முதலிலே சொன்ன 2.28. ஆறு முறை, ஆறு சென்டிமீட்டர்! ஒரு சென்டிமீட்டர் என்றால் என்ன? சுண்டுவிரல் நகத்தின் அகலம். அந்த நகத்தளவைக் கூட்டுவதற்கு அவர் சுமந்த பாரத்தையும் ஓடிய ஓட்டத்தையும் பட்டியல் போட்டால் இந்தப் பத்தி போதாது.

அவற்றுள் இரண்டு நாட்களைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று பேசுவோம்.

ஒன்று, 1962 ஜூலை 22. இடம், அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக அரங்கு. அமெரிக்காவும் சோவியத் நாடும் நேருக்கு நேர் மோதுகிற விளையாட்டு. இரண்டு நாட்களிலே ஒன்றரை இலட்சம் பேர் திரண்டார்கள். அணுகுண்டுகளை அடுக்கி வைத்துக்கொண்டு இரண்டு வல்லரசுகளும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்த நேரம் அது. மூன்றே மாதத்திலே கியூபா நெருக்கடி வந்து உலகம் தூக்கமிழந்தது. அப்படிப்பட்ட நேரத்திலே, அப்படிப்பட்ட மண்ணிலே, புருமெல் 2.26 தாண்டினார். எதிரி நாட்டான் என்று அந்தக் கூட்டம் வாய்மூடி இருந்ததா? இல்லை. ஆர்ப்பரித்துக் கைதட்டியது.

மற்றொன்று, அந்த 2.28 நாள். அரங்கிலே சோவியத் தலைவர் குருஷ்சேவ் அமர்ந்திருந்தார். பக்கத்திலே அமெரிக்கப் பிரதிநிதி ஹாரிமன். அணுகுண்டு சோதனையை நிறுத்துவது பற்றிப் பேச்சு நடத்த மாஸ்கோ வந்திருந்தவர் அவர். கோல் அசையாமல் நின்றதும் குருஷ்சேவ் மகிழ்ச்சி தாங்காமல் ஹாரிமனைக் கட்டித் தழுவிக்கொண்டார். நான்கு நாட்கள் கழித்து அந்த உடன்பாட்டிலே முதற்கையொப்பம் விழுந்தது. ஆகஸ்டு 5இல் முறையாகக் கையெழுத்தாயிற்று. உயரம் தாண்டியதால்தான் உடன்பாடு வந்தது என்று நாம் சொல்லவில்லை. அவ்வளவு பாமரர்களல்ல நாம். ஆனாலும் இரண்டு பெரும் பகைவர்கள் ஒரே பக்கம் பார்த்து, ஒரே நேரத்திலே வாய்பிளந்து நின்ற ஒரு நிமிடத்தை உண்டாக்கியவன் 21 வயது இளைஞன் ஒருவன் என்பதை மறக்க முடியுமா?

1964 டோக்கியோ ஒலிம்பிக்கிலே தங்கம் கிடைத்தது. பழைய வேகம் அந்த ஆண்டு அவரிடம் இல்லை. 2.18 தான் தாண்டினார். தன் சாதனையைவிட 10 சென்டிமீட்டர் குறைவு. தாமஸும் அதே 2.18. ரோமிலே எந்தக் கணக்கு புருமெல்லைக் கீழே தள்ளியதோ அந்தத் தவறுக் கணக்கே இங்கே அவரை மேலே தூக்கியது. தங்கம் புருமெல்லுக்கு, வெள்ளி தாமஸுக்கு. இத்தனை ஆண்டு மோதியும் இருவருக்கும் பகை முளைக்கவில்லை; நட்புதான் வளர்ந்தது.

இத்தோடு கதை முடிந்திருந்தால் நாம் எழுதியிருக்க மாட்டோம். சாதனைப் பட்டியலை எந்த விளையாட்டு மலரிலும் பார்த்துக்கொள்ளலாம்.

1965 அக்டோபர். மாஸ்கோவிலே ஓர் இரவு. மழை ஈரம் படிந்த சாலை. தோழி ஒருவர் ஓட்டிய மோட்டார் சைக்கிளின் பின்னால் புருமெல் அமர்ந்து சென்றார். வண்டி சறுக்கியது. ஓட்டியவர் தப்பினார். புருமெல்லின் வலது கால் கணுக்காலுக்கு மேலே நொறுங்கிப் போயிற்று. எலும்பு முறிந்தது என்று சொல்வது போதாது, துண்டு துண்டாயிற்று. காலை எடுத்துவிட வேண்டுமோ என்ற பேச்சே எழுந்தது. மாஸ்கோ மருத்துவர்கள் போராடிக் காலைக் காப்பாற்றினார்கள். வயது 23. உலகத்திலேயே உயரமாகத் தாண்டியவர் கட்டையை ஊன்றிக்கொண்டு கட்டிலிலிருந்து கதவு வரை போவதற்கு வியர்த்தார்.

விராலிமலைத் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. திருச்சி–மதுரை நெடுஞ்சாலை ஊரை ஒட்டி ஓடுகிறது. ஆலைகளுக்கு ஷிப்டு மாறுகிற நேரத்திலே விடியற்காலையிலும் நள்ளிரவிலும் இருசக்கர வண்டிகள் பறக்கின்றன. தை பிறந்தால் ஜல்லிக்கட்டு. 2019 ஜனவரியிலே ஒரே நாளில் ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்ட காளைகளை அவிழ்த்துவிட்டு உலக சாதனை என்று பெயர் வாங்கிய வாடிவாசல் இந்த ஊருடையது. கால் முறிவு என்றால் ஒரு குடும்பத்துக்கு என்ன பொருள் என்று இங்கே யாருக்குத் தெரியாது? முறிந்த எலும்பு கூடுகிறதோ இல்லையோ, முதலிலே கூலி முறிகிறது. பிறகு கடன். பிறகு, கூடின எலும்பு கோணலாய்க் கூடி, ஒரு கால் குட்டையாகி, கனமான வேலைக்கு ஆகாதவன் என்ற பெயர்.

புருமெல்லுக்கும் அதுவே நேர்ந்தது. அவர் உலக வீரர். நாட்டின் தலைசிறந்த மருத்துவமனைகளின் கதவுகள் அவருக்குத் திறந்திருந்தன. ஆனாலும் எலும்பு கூடவில்லை. உள்ளே சீழ் பிடித்தது. வெட்டினார்கள், தைத்தார்கள், மாவுக்கட்டுப் போட்டார்கள், மீண்டும் வெட்டினார்கள். சிறிதும் பெரிதுமாய் இருபதுக்கும் மேற்பட்ட அறுவைகள்! ஆண்டுகள் ஓடின. கால் சில சென்டிமீட்டர் குட்டையாயிற்று. அந்த நாட்களிலே கடல் கடந்து ஊக்கச் செய்தி அனுப்பியவர்களில் ஒருவர் யார் தெரியுமா? ஜான் தாமஸ்தான். லிப்டிலே கால் நசுங்கிய வேதனையை அறிந்தவர் அல்லவா!

மாஸ்கோவிலே கிடைக்காத மருந்து எங்கே இருந்தது? யூரல் மலைக்கு அப்பால், குர்கன் என்ற நகரத்திலே இருந்தது.

அங்கே டாக்டர் கவ்ரீல் இலிசாரவ் என்று ஒருவர். 1921இல் பிறந்தவர், காகசஸ் மலைப்பகுதி ஏழைக் குடும்பத்துப் பிள்ளை. போர்க்காலத்திலே மருத்துவம் படித்து முடித்துவிட்டு, குர்கன் பக்கத்துக் கிராமத்துக்கு மருத்துவராய்ப் போனார். போரிலே கால் கை முறிந்து, எலும்பு கூடாமல் திரும்பிய ஆட்கள் வரிசையாய் வந்தார்கள். மாவுக்கட்டுப் போட்டு மாதக்கணக்கிலே படுக்க வைப்பதைத் தவிர வழியில்லையா என்று அவர் யோசித்தார். யோசனை இரும்பிலே போய் முடிந்தது. காலைச் சுற்றி இரும்பு வளையங்கள். சைக்கிள் ஆரக்கம்பிபோன்ற மெல்லிய கம்பிகளை எலும்பின் குறுக்கே செலுத்தி, அவற்றை வளையத்திலே இழுத்துக் கட்டுவது. வளையத்துக்கும் வளையத்துக்கும் நடுவே திருகு கம்பிகள், மரைகள். முறிந்த எலும்பு அசையாது. ஆள் மட்டும் நடக்கலாம்!

அதிலேயே இன்னொரு புதுமையும் வெளிப்பட்டது. மரையை இறுக்கச் சொன்னால் ஒரு நோயாளி தவறிப்போய் எதிர்ப்பக்கம் திருகிவிட்டார் என்றும், எலும்பின் இரு முனைகளும் விலகிய இடைவெளியிலே புது எலும்பு முளைத்திருப்பதை மருத்துவர் கண்டார் என்றும் சொல்வார்கள். நாள் ஒன்றுக்கு ஒரு மில்லிமீட்டர். அதையும் நான்கு தடவையாகப் பிரித்து, தடவைக்குக் கால் மில்லிமீட்டராகத் திருகினால், விலகுகிற வேகத்துக்குச் சரியாக எலும்பு வளர்ந்து வரும். குட்டையான காலை நீளமாக்கலாம்.

தலைநகரத்துப் பெரிய டாக்டர்கள் இதை எளிதிலே ஏற்கவில்லை. கொல்லன் வேலை என்று கேலி பேசினார்களாம். கொல்லன் வேலை கேலிக்குரியதா? அந்தக் கொல்லன் வேலைக்காகத்தான் ஆயிரக்கணக்கான முடவர்கள் குர்கனுக்கு ரயிலேறிக்கொண்டிருந்தார்கள். பட்டணத்தின் ஒப்புதல் முத்திரை விழாத காரணத்தால், நாட்டின் புகழ்பெற்ற காலே மூன்றாண்டு அழுகிக்கொண்டிருந்தது என்பதை நினைத்தால் நமக்கு இன்றும் எரிச்சல்தான் வருகிறது. புகழ்பெற்றவனுக்கே அந்த நிலை என்றால், பெயரில்லாத சுரங்கத் தொழிலாளி எத்தனை பேர் அந்த முத்திரைக்காகக் காத்திருந்து காலை இழந்தார்களோ!

1968இல் புருமெல் குர்கனுக்குப் போனார். இலிசாரவ் வளையத்தை மாட்டினார். ஆண்டுக்கணக்கிலே கூடாத எலும்பு மாதக்கணக்கிலே கூடியது. குட்டையான கால் நீண்டு மற்றக் காலுக்குச் சமமாயிற்று. ஊன்றுகோலை எறிந்தார். நடந்தார். ஓடினார். மீண்டும் தோளிலே பளுவை ஏற்றினார். பிறகு கோலை நிறுத்தச் சொன்னார்.

இரண்டு மீட்டருக்கு மேல் தாண்டினார்!

அது உலக சாதனை அல்ல. பதக்கம் தரும் உயரமும் அல்ல. 16 வயதிலே எந்த உயரத்தைத் தொட்டாரோ அங்கேதான் முப்பதை நெருங்கும்போது மீண்டும் வந்து நின்றார். அதற்குள் பந்தயமும் மாறிவிட்டது. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கிலே பாஸ்பரி என்ற அமெரிக்கர் முதுகைக் கோலுக்குக் காட்டித் தாண்டி, 2.24 மீட்டரிலே தங்கம் வென்றிருந்தார். இளைஞர்கள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள். ஆனாலும் நம்மைக் கேட்டால், 2.28ஐவிட அந்த இரண்டு மீட்டரைத்தான் பெரிதென்போம். முன்னதைத் தாண்டியபோது அவருக்கு நல்ல கால் இருந்தது.

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவை நம் தோழர்கள் அறிவார்கள். ஐந்து வயதிலே பஸ் ஏறி வலது கால் நசுங்கியது. தாய் காய்கறி விற்று வளர்த்தார். 2016இல் ரியோ பாராலிம்பிக்கிலே 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். அன்று செய்தி கேட்டு ஊரெல்லாம் மகிழ்ந்தபோது, நமக்கு நினைவுக்கு வந்தவர் புருமெல்தான்.

பந்தயத்தை விட்ட பிறகு புருமெல் பேனாவைப் பிடித்தார். எழுத்தாள நண்பர் ஒருவருடன் சேர்ந்து நாவல் எழுதினார், நாடகமும் எழுதினார். அவற்றிலே தன்னைவிட அந்த டாக்டரைத்தான் உயர்த்தி வைத்தார். நன்றி மறவாத மனிதர். அவர் தாண்டிய இரண்டு மீட்டர் செய்தியாகப் பரவிய பிறகு, குர்கன் பெயர் நாடெங்கும் தெரிந்தது. பெரிய ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. இன்று அது இலிசாரவ் பெயரையே தாங்கி நிற்கிறது. 1980இல் மௌரி என்ற இத்தாலிய மலையேற்ற வீரர் அங்கே போய்க் காலைச் சரிப்படுத்திக்கொண்டு திரும்ப, மேற்கு ஐரோப்பா விழித்தது. அங்கிருந்து உலகெங்கும் பரவியது. நம் நாட்டு எலும்பு மருத்துவர்களும் இன்று அந்த வளையத்தை மாட்டுகிறார்கள். காலிலே வளையங்களும் கம்பிகளுமாய், கைத்தடியை ஊன்றி, மரை திருகும் சாவியைச் சட்டைப்பையிலே வைத்துக்கொண்டு நடக்கிற தொழிலாளியைப் பார்த்தால் பயந்து விலக வேண்டாம். அவருடைய எலும்பு வளர்ந்துகொண்டிருக்கிறது.

2.28 எட்டாண்டு அசையாமல் நின்றது. 1971 ஜூலையிலே மாட்ஸ்டார்ப் என்ற அமெரிக்கர் 2.29 தாண்டினார். இன்றைய உலக சாதனை 2.45, கியூபாவின் சோட்டோமயோர் 1993இல் செய்தது. எந்த நாட்டுக்காகப் புருமெல் தாண்டினாரோ அந்தச் சோவியத் ஒன்றியம் 1991இல் கலைந்தது. அடுத்த ஆண்டு இலிசாரவ் மறைந்தார். புருமெல் 2003 ஜனவரி 26ஆம் நாள் மாஸ்கோவிலே காலமானார், வயது 60. வாகன்கோவோ இடுகாட்டிலே அடக்கம் செய்தார்கள். ஜான் தாமஸ் அதற்குப் பின்னும் பத்தாண்டு வாழ்ந்து 2013இல் மறைந்தார்.